போணி ஆகாத காலை

அடைக்கலசாமியின் பட்டுக்கடைக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று ஆரணிக் கடைத்தெருவைப் பார்த்த வாசல். காலையில் ஷட்டர் ஏறும், இரவில் இறங்கும். இன்னொன்று கனிமொழியின் கைப்பேசிக்குள் இருந்தது. அதற்கு ஷட்டர் கிடையாது. ஊர் தூங்கும்போதும் யாரோ அதன் வழியாக உள்ளே வந்து, புடவைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வாசலைத் திறந்தவள் கனிமொழிதான். செய்யாறு போகும் சாலையில் ஒரு கிராமம் அவளுடையது. அவள் அண்ணன் அன்பரசு செய்யாறு தொழிற்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறான். படிப்பு முடிந்ததும் அவளையும் அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட வீடே தயாராக இருந்தது. அவள் ஏறவில்லை. எதிர்த்திசையில் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி ஆரணிக்கு வந்து, அடைக்கலசாமியின் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே புடவைகளைப் படம் எடுத்து ஓர் ஆன்லைன் சந்தையில் ஏற்ற ஆரம்பித்தாள். அடைக்கலசாமி தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.

"தெருவுல இருக்குற கடை என்னுது. போன்ல இருக்குற கடை உன்னுது. அதுல ஓடறதுலதான் உனக்கு சம்பளம். ஓடலைன்னா என்னை பேஜார் பண்ணக் கூடாது, சொல்லிட்டேன்."

ஓடியது. எங்கெங்கிருந்தோ ஆர்டர்கள் வந்தன. பாக்கெட்டின் மேல் முகவரியை ஒட்டுவதற்கு முன் கனிமொழி அதை ஒருமுறை மனதுக்குள் படித்துக்கொள்வாள். ஜோர்ஹாட் என்றால் ஒரு மூங்கில் கதவும், விடாத மழையும், பச்சைப் புடவையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் வருவார்கள். ஷில்லாங் என்றால் மூடுபனிக்குள் ஒரு படிக்கட்டு. பிலாஸ்பூர் என்றால் ரயில் சத்தம் கேட்கும் ஒரு சமையலறை. அந்த ஊர்களில் எதையும் அவள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காதோ என்னவோ.

"அட்ரஸைப் பார்த்து இன்னாத்துக்குடி சிரிக்கிறே? ஒட்டு ஜல்தி," என்பாள் அடைக்கலசாமியின் மனைவி இன்னாசியம்மாள். பேக்கிங் அவள் பொறுப்பு.

ஆடி முடியப் போகிற ஒரு நாள். அடுத்து ஆவணி முகூர்த்தங்கள். வருஷத்தின் பாதி வியாபாரம் அதில்தான். கனிமொழி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி கைப்பேசியைத் திறந்தாள். திரையின் உச்சியில் சிவப்புப் பட்டை ஒன்று ஓடியது.

'திரும்பி வந்த சரக்கை வாங்க விற்பனையாளர் தொடர்ந்து மறுத்திருக்கிறார். எனவே இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

அவளுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை படித்ததும் புரிந்தது. சரக்கு திரும்பி வருவது உண்டுதான். படத்தில் பார்த்த நிறம் வேறு என்பார்கள், அத்தைக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். ஆனால் வாங்க மறுத்தது யார்? கீழே பார்த்தாள். தேதிகள் வரிசையாக இருந்தன. எல்லாமே காலை நேரம். அவள் கடைக்கு வந்து சேர்வதற்கு முன்னால்.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தாள். கூரியர் அண்ணன்! பிற்பகலில் பாக்கெட்டுகளை எடுத்துப் போக வருவாரே, அவர்தான் காலையில் ரிட்டர்ன்களையும் கொண்டுவர வேண்டியவர். வராமலே எங்கோ டீ குடித்துக்கொண்டு 'மறுத்தார்' என்று போட்டிருக்கிறார். பக்கத்து ஜவுளிக்கடைப் பையன்கள் இப்படிப் பல கதைகள் சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்புப் பட்டைக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: 'இதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' அழுத்தினாள். காரணங்கள் விரிந்தன. 'கூரியர் வரவே இல்லை' என்பது முதலாவதாக இருந்தது. அவருக்கு ஒரு போன் செய்து கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கட்டை விரல் அழுத்திவிட்டது.

அவள் கடைக்குள் நுழைந்து பையை மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் புகார் ஏற்கப்பட்டது. உங்கள் கணக்கு மீண்டும் செயல்படுகிறது. சம்பந்தப்பட்ட கூரியர் பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அடுத்த நிமிஷமே, அணை திறந்தது போல ஆர்டர்கள் டிங் டிங் என்று விழ ஆரம்பித்தன. ஜோர்ஹாட்டிலிருந்துகூட ஒன்று.

"தப்பிச்சோம்மா!" என்றாள் இன்னாசியம்மாளிடம். "அக்கவுண்டையே மூடிட்டான். நல்லவேளை பஸ்லயே பார்த்தேன். ஆவணி பூரா போயிருக்கும்."

"யாரு மூடனது? இன்னாத்துக்கு?"

"ரிட்டர்ன் வாங்க மாட்டேன்னு சொன்னோமாம். அந்தக் கூரியர்காரர் வராமலே எழுதியிருக்காரு. கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டேன்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த அடைக்கலசாமி எழுந்து, நேராக இருந்த புடவைக் கட்டு ஒன்றை மறுபடி நேராக அடுக்கினார். அதைக் கனிமொழி கவனிக்கவில்லை. ஜோர்ஹாட் புடவையை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணி வாக்கில் கூரியர் அண்ணன் வந்தார். தோளில் பெரிய பை இல்லை. கம்பெனிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றி உள்ளே பனியன் தெரிய நின்றார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"இன்னா தென்னரசு, பை எங்க?" என்றார் அடைக்கலசாமி, கேட்காமல் இருக்க முடியாதவர் போல.

தென்னரசு. அந்தப் பெயரைக் கனிமொழி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். அவள் கைப்பேசியில் அவர் 'கூரியர்'.

"பையைப் புடுங்கிகினாங்க பெரியவரே. ஐடியை பிளாக் பண்ணிட்டானுங்க. ஆபீஸ்ல கேட்டா, உங்க கடைலேர்ந்து கம்ப்ளெயிண்டாம். நான் வரவே இல்லையாம்." அவர் கனிமொழியைப் பார்த்தார். "மேடம், நான் வரலை?"

"காலைல நீங்க வந்தே நான் பார்த்ததில்லையேண்ணா."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி வருவேன். நாஸ்டா கூட சாப்பிடாம மொதல்ல இங்கதான் வருவேன். வந்து அந்தப் படியாண்ட நிப்பேன். பெரியவர் இன்னா சொல்லுவாரு? கேளுங்க அவரையே."

கனிமொழி திரும்பினாள். அடைக்கலசாமி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போணி ஆகலை, அப்புறம் வாப்பான்னு சொல்லுவேன்," என்றார் மெதுவாக.

அவளுக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

அடைக்கலசாமியின் கடையில் போணி என்பது மாற்ற முடியாத சட்டம். முதல் வியாபாரம் ஆகி, காசைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக் கல்லாவில் வைக்கிற வரையில் அங்கிருந்து ஒரு ரூபாய் வெளியே போகாது. சில்லறை மாற்றித் தரமாட்டார். அப்படியிருக்க, விற்ற புடவையைத் திரும்பக் கையில் வாங்குவதா?

"எத்தினி தபா கெஞ்சியிருப்பேன்," என்றார் தென்னரசு. "எதிர் டீக்கடைல உக்காந்துகினு உங்க படியையே பார்த்துகினு இருப்பேன், யாராவது ஒரு பொம்பளை ஏறுவாளான்னு. ஏறினா எனக்கு கும்பிடணும் போல இருக்கும். ஒரு நாள் தாங்கல. நானே உள்ள வந்து ஒரு ரவிக்கைத் துணி வாங்கி போணி பண்ணேன். பண்ணிட்டு, இப்போ இதைப் புடிங்கன்னு ரிட்டர்னை குடுத்தேன். ஞாபகம் இருக்குதா பெரியவரே?"

"இருக்குது," என்றார் அடைக்கலசாமி. "மஞ்சத் துணி."

"எங்க வீட்ல கேக்குறா, யாருக்கு வாங்கினதுன்னு. அவ அளவுக்கு பத்தலை."

இன்னாசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ 'அப்புறம் வரச் சொன்னார்'னு போட்டிருக்கலாமேண்ணா," என்றாள் கனிமொழி. குரல் அவளுக்கே ஈனமாகக் கேட்டது.

"எங்க போடறது? எனக்கு போன்ல மூணுதான் காட்டும். வாங்கிகினார், மறுத்துட்டார், கடை பூட்டி இருந்துது. பூட்டி இருந்துதுன்னு போட்டா ஷட்டரை போட்டோ புடிக்கணும். தொறந்து கெடக்குற ஷட்டரை எப்படிப் புடிக்கறது? அடுத்த கடைக்குப் போவணும்னா எதையாவது ஒண்ணை அமுக்கித்தான் ஆவணும். போணி ஆகலைன்னு அதுல இல்லையே மேடம்."

சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. படியிறங்கிப் போகையில் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனார், வீதியில் கம்பெனிச் சட்டையைத் திறந்துபோட்டுப் போகக் கூடாது என்று அப்போதுதான் நினைவு வந்தது போல.

கைப்பேசி டிங் என்றது.

"சர்ச்சுல மொத பெஞ்சு. கடைக்கு வந்தா போணி," என்றாள் இன்னாசியம்மாள் யாரையும் பார்க்காமல்.

"வேதத்துல போணி பார்க்காதேன்னு எங்க போட்டிருக்குது, காட்டு."

"அந்த ஆளு பொழைப்பு போச்சே, அதைக் காட்டறேன்."

கனிமொழி முக்காலியை இழுத்து அடைக்கலசாமிக்கு எதிரில் உட்கார்ந்தாள். "ஐயா, ஒண்ணு கேக்கறேன். நீங்க ஷட்டரை ஏத்தறப்பவே போன்ல நாலஞ்சு ஆர்டர் வந்திருக்குது. அது வியாபாரம் இல்லையா? அதை போணின்னு வச்சிக்கக் கூடாதா?"

"வச்சிக்கலாம்னு நானும் பார்த்தேன்," என்றார் அவர். அவர் அதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறார் என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது. "அது எப்பம்மா வந்துது? ராத்திரி. அது நேத்து வியாபாரமா, இன்னிக்கு வியாபாரமா?"

அவள் கைப்பேசியில் ஆர்டர்கள் வந்த நேரத்தைப் பார்த்தாள்.

"பன்னண்டு மணிக்கு மேல வந்தா இன்னிக்குன்னு சொல்லுவே. சரி. வாங்கனவன் நாளைக்கே வேணாம்ன்றான். காசும் இன்னும் நம்ம கைக்கு வரலை. அப்போ அது வித்துதா, விக்கலையா? எனக்குத் தெரியல கனி. உன் கடைக்கு ராத்திரியும் கெடையாது, காலையும் கெடையாது. காலையே இல்லாத கடைக்கு போணி எங்கேர்ந்து வரும்?"

அதில் கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கனிமொழி முகவரிகளைத்தான் படித்திருக்கிறாள், நேரங்களை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. நாடு முழுவதும் லட்சக்கணக்கான கடைகள் இப்படி விடியாமலும் இருட்டாமலும் திறந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் எல்லோரும் நுழையலாம். ஆனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் மூன்று பெட்டிகளில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காத மனிதர் ஒருவர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இப்ப இன்னா பண்றது?" என்றாள் கனிமொழி.

"புகாரைத் திருப்பி வாங்கினா?" என்று அவர் கேட்டார்.

"மூடிருவான். திரும்பவும்."

அடைக்கலசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தப்பு என்னுது. நான் சொன்னதாவே சொல்லு. ஆனா மூடினா, போறது உன் கடை. என் கடை தெருவுல இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆவாது. அதனால வாங்குன்னும் சொல்ல மாட்டேன், வாங்காதேன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே அது அவளுக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் அதட்டியிருந்தால் தேவலை. அண்ணனின் குரல் காதில் கேட்டது: 'ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கறாங்க, சொல்லவா?' தென்னரசுக்கு வேறு கூரியரில் வேலை கிடைக்கும், இந்த ஊரில் எத்தனை கூரியர்கள் இல்லை, என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தனக்கும் செய்யாறில் வேறு வேலை கிடைக்கும் என்பது அதன் பின்னாலேயே வந்து நின்றது. கைப்பேசி மறுபடியும் டிங் என்றது. ஷில்லாங்.

அந்த ஆன்லைன் சந்தையின் உதவி எண்ணை அழைத்தாள். வெகுநேரம் இசை ஒலித்தபின் ஒரு பெண் தமிழில் பேசினாள். காலையிலிருந்து பேசிப் பேசித் தேய்ந்த குரல்.

"சொல்லுங்க மேடம், உங்க புகார் ஏற்கெனவே தீர்ந்துடுச்சே?"

"அது தப்பான புகார். கூரியர்காரர் வந்திருக்காரு. நாங்கதான் வாங்கலை."

"ஏன் வாங்கலை மேடம்?"

கனிமொழி அடைக்கலசாமியைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். கைப்பேசியை வாங்கிக் காதில் வைக்காமல், மைக் போல வாய்க்கு நேராகப் பிடித்து, "போணி ஆகலைம்மா," என்றார் உரக்க. "காலைல மொத யாவாரம் ஆவறதுக்கு முன்னாடி, வித்த பொருளைத் திருப்பி வாங்கறது இல்ல. நான்தான் அந்தப் புள்ளையைத் திருப்பி அனுப்புனவன். எம் பேரு அடைக்கலசாமி. எழுதிக்க."

எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எங்க மாமா பாத்திரக் கடை வச்சிருக்காரு சார்," என்றாள் அந்தப் பெண், குரல் கொஞ்சம் தணிந்து. "போணி ஆகலைன்னா எனக்கே சில்லறை தரமாட்டாரு. புரியுது சார். ஆனா எழுதறதுக்கு எனக்கு இங்க இடம் இல்ல. 'விற்பனையாளர் மறுத்தார்' மட்டும்தான் இருக்கு."

அவளுக்குக் காட்டுவதும் அதே பெட்டிகள்தான்.

கனிமொழி கைப்பேசியைத் திரும்ப வாங்கினாள். "அதையே போடுங்க."

"மேடம், ஒரு நிமிஷம். அதைப் போட்டா, மறுத்தது ஒண்ணு, தப்பா புகார் குடுத்தது ஒண்ணு, ரெண்டும் சேர்ந்துடும். இந்த சீசன் முடியிற வரைக்கும் திறக்க மாட்டாங்க. அப்புறமும் நீங்க புதுசா விண்ணப்பிக்கணும்." சற்று நிறுத்தினாள். "இப்படியே விட்டுட்டீங்கன்னா யாரும் திரும்பிப் பார்க்கப் போறதில்லை. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அந்த அன்பு கனிமொழிக்கு உறைத்தது. முகம் தெரியாத ஒருத்தி, எங்கோ ஒரு பெரிய அறையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி, தப்பிக்க ஒரு வழியைக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுடைய ஊர் எதுவாக இருக்கும், ஜன்னல் இருக்குமா அந்த அறையில், என்று மனம் பழக்கப்படி எட்டிப் பார்க்கக் கிளம்பியது. கனிமொழி அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். படியிறங்கும்போது பொத்தான் மாட்டிய விரல்களைத்தான் அவள் நிஜமாகப் பார்த்திருந்தாள்.

"போடுங்க. அவர் ஐடியை இன்னிக்கே திறந்துடுவாங்களா?"

"நாளைக்குக் காலைல திறந்துடும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இல்லைங்க."

சிவப்புப் பட்டை திரும்பி வந்தது. அதற்குக் கீழே அன்றைய ஆர்டர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. பிலாஸ்பூர் போயிற்று. ஷில்லாங் போயிற்று. ஜோர்ஹாட் கடைசியில் போயிற்று. இன்னாசியம்மாள் பாதி மடித்திருந்த பச்சைப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை?" என்றாள்.

"உள்ள வச்சிடுங்கம்மா."

"மூடினா மூடிட்டுப் போறான்," என்றார் அடைக்கலசாமி. "நீ நாளைக்கு வா. ஆவணிக்கு தெருக் கடைலயும் ஆள் வேணும். சம்பளத்தை அப்புறம் பேசிக்கலாம்." அது பெரிய வாக்குறுதி இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கல்லாவுக்குப் போய்விட்டார்.

மாலையில் கனிமொழி பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கோட்டை மைதானத்துப் பக்கம் நடந்தாள். கூரியர் ஆபீஸ் வாசலில் தென்னரசு தன் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது.

"வாபஸ் வாங்கிட்டீங்களாமே. அக்கவுண்ட் மூடிட்டானாமே," என்றார்.

"ஆமாண்ணா."

அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். சொல்லாதபோதுதான் எதிர்பார்த்தது தெரிந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் மேடம்," என்றார் தென்னரசு. "தினம் பார்க்குற ஆளுதானே நான். நம்பர்கூட உங்ககிட்ட இருக்குது. ஒரு நாள் கூலி போச்சு, அது பரவால்ல. ஆபீஸ்ல அத்தினி பேர் எதிர்ல பையை அவுத்து வச்சேன் பாருங்க, அதான்."

"தப்புதாண்ணா." எங்கெங்கோ இருக்கும் ஊர்களைப் படித்தவள் இவர் ஊரைக் கேட்டதில்லை. "நீங்க எந்த ஊர்?"

"தெள்ளாராண்ட. இன்னாத்துக்கு?"

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா வர்றீங்க?"

"அங்கேர்ந்துதான். விடியறதுக்குள்ள கெளம்பணும்." அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார். "உங்க கடைக்கு நாளைக்கு ரெண்டு ரிட்டர்ன் இருக்குது. விக்கறதைத்தானே நிறுத்துனான், திரும்பி வர்றது வந்துகினேதான் இருக்கும். பெரியவர் வாங்குவாரா?"

கனிமொழி யோசித்தாள். கல்லாவுக்குப் போகுமுன் அவர் சொல்ல வந்து நிறுத்தியது இதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"தெரியலண்ணா," என்றாள். "நான் மொத பஸ்ல வந்துடறேன். படியாண்ட நிக்கறேன். நீங்க என் கைல குடுங்க."

தென்னரசு அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்பது போலத் தலையை அசைத்து, வண்டியைக் கிளப்பினார்.